ஜிடிஓ 400-க்கு எந்த எக்ஸாஸ்ட்: வார்ப்பிரும்பா, ஹெடரா?

1968 முதல் 1970 வரை வந்த பான்டியாக் ஜிடிஓ என்ற அமெரிக்கக் கார் ஒன்று கையில் இருக்கிறது, எக்ஸாஸ்டை (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய் அமைப்பை) மாற்றப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நீளக் குழாய் ஹெடர் போடுங்க, வேற எதுக்கும் காசு கொடுக்காதீங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும். சொல்பவர் கால் மைல் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் என்றால் அவருக்கு அது சரி. ஞாயிறு காலை ஊருக்குள் ஒரு சுற்று, கோடையில் ஒன்றிரண்டு கார் கண்காட்சி, எப்போதாவது நெடுஞ்சாலையில் நூறு மைல் என்று வண்டியை வைத்திருப்பவருக்கு ஹெடர், அதாவது சிலிண்டருக்கு ஒரு தனி எஃகுக் குழாய் வைத்த தொகுப்பு, முதல் தேர்வு இல்லை என்பது என் கட்சி. அவருக்குப் பொருந்துவது, பான்டியாக்கே அந்தக் காலத்தில் ராம் ஏர் என்ற கூடுதல் சக்தி கொண்ட கார்களுக்குப் போட்ட நீளக்கிளை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பாகத்தின்) மறுவார்ப்பு.

முதலில் எஞ்சினின் குணத்தைப் பார்ப்போம். 1970-ன் அடிப்படை 400 கன அங்குல எஞ்சினுக்கு நிறுவனம் சொன்ன கணக்கு நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 350 குதிரைத்திறன், 3,000 சுற்றில் 445 பவுண்டு-அடி முறுக்குவிசை. குதிரைத்திறனை விட அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இது கீழ்ச்சுற்றிலேயே இழுக்கிற எஞ்சின். 6,500 சுற்றுக்கு விரட்டுவதற்காகச் செய்ததல்ல. இன்னொன்று, அந்தக் கால எண்கள் 'கிராஸ்' கணக்கு. காரில் போகிற சைலன்சரும் வால்குழாயும் இல்லாமல், எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தது. 1972-ல்தான், இவற்றையெல்லாம் மாட்டி அளக்கிற நிகரக் கணக்குக்கு மாறினார்கள். ஆகவே நல்ல எக்ஸாஸ்ட் போடுவது என்பது பெரும்பாலும் புது சக்தியைச் சேர்ப்பது அல்ல, காகிதத்தில் இருந்ததில் கொஞ்சத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுவருவது.

பழைய கட்டை மேனிஃபோல்டில் என்ன குறை?

சாதாரண 400-ல் வந்த மேனிஃபோல்டு ஒரு குட்டையான இரும்புக் கட்டை. நான்கு சிலிண்டரின் புகையும் வெளியே வந்த உடனே ஒரே பொந்தில் கலந்துவிடும். இதில் சிக்கல் எங்கே என்றால், பான்டியாக் வி8-ன் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் ஓட்டுநர் பக்கம், இரட்டைப்படை எல்லாம் மறுபக்கம். வரிசையைப் பாருங்கள்: 5-க்கு அடுத்தே 7. இரண்டும் ஒரே பக்கம், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று புகையைத் தள்ளி முடிப்பதற்குள் மற்றது தொடங்கிவிடும், இடைவெளி வெறும் 90 டிகிரி. மறுபக்கத்தில் 8-க்கும் 4-க்கும் இதே கதை. குட்டை மேனிஃபோல்டுக்குள் இந்த இரண்டு துடிப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அமெரிக்க வி8-ன் அந்தக் 'குடுகுடு' சத்தம் பிறப்பதும் இதே சீரற்ற இடைவெளியால்தான், அது வேறு விஷயம்.

நீளக்கிளை மேனிஃபோல்டு இதற்கு எளிமையான மருந்து. ஒவ்வொரு துளைக்கும் கொஞ்ச தூரம் தனி வழி கொடுத்து, அப்புறம் கீழே சேர்க்கிறது. பொருள் அதே வார்ப்பிரும்பு, வடிவம்தான் வேறு. 1967-ல் சாதாரண 400-க்கு 335 குதிரைத்திறன் என்றும், இந்த வகை மேனிஃபோல்டு வந்த எச்.ஓ. (ஹை அவுட்புட்) எஞ்சினுக்கு 360 என்றும் பான்டியாக் அறிவித்தது. அந்த 25-ஐயும் மேனிஃபோல்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, எச்.ஓ.வில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் வேறு. ஆனால் தொழிற்சாலையே சக்தி வேண்டும் என்றபோது முதலில் கை வைத்த இடங்களில் இது ஒன்று என்பது தெரிகிறது. பின்னால் வந்த ராம் ஏர் 3-லும் இதே யோசனைதான்.

ஹெடர் எங்கே ஜெயிக்கிறது, எங்கே படுத்துகிறது

நீளக் குழாய் ஹெடர் என்றால் சிலிண்டருக்கு ஒரு தனி எஃகுக் குழாய், கீழே நான்கும் ஒரு கலெக்டரில் சேரும். ஹூக்கர், ஹெட்மன், டக்ஸ் எல்லாம் இந்தக் காருக்குச் செய்கிறார்கள். 400-க்கு 1¾ அங்குலக் குழாய் போதும். ஒரு துடிப்பு கலெக்டரை அடையும்போது பின்னால் விடுகிற தாழ் அழுத்த அலை, அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொடுக்கும். மாற்றிய கேம்ஷாஃப்ட், துளைகளைத் திருத்திய சிலிண்டர் ஹெட், 5,500 சுற்றுக்கு மேல் ஓட்டம் என்றால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. அதில் எனக்கு வாதமே கிடையாது.

ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டுமே. ஜிடிஓவின் எஞ்சின் அறை பெரிதாகத்தான் தெரியும், கீழே போய்ப் பார்த்தால் இடமே இல்லை. ஓட்டுநர் பக்கம் ஸ்டீயரிங் பெட்டி. நான்கு கியர் வண்டி என்றால் கிளட்சைத் தள்ளும் குறுக்குத் தண்டும் அங்கேதான். மறுபக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார். இந்த ஸ்டார்ட்டர்தான் முதல் பலி. மெல்லிய எஃகுக் குழாய் வெளிவிடும் சூடு முழுக்க அதன் மேல் விழுகிறது. பெட்ரோல் போட நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் எஞ்சின் முனகும். வெப்பத் தடுப்புத் தகடு வைக்கலாம், சின்ன கியர் வகை ஸ்டார்ட்டர் வாங்கலாம். எல்லாம் செய்யலாம், எல்லாவற்றுக்கும் தனிச் செலவு.

இரண்டாவது தொல்லை கசிவு. ஹெடரின் விளிம்புத் தகடு சூட்டில் வளையும், போல்ட் தளரும், கேஸ்கெட் பிய்ந்துபோகும். சில நூறு மைலுக்கு ஒருமுறை எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதில் பாதிக்கு ஸ்பேனர் நுழையாது. மூன்றாவது, கலெக்டர் காருக்கு அடியில் தொங்கும் உயரம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் மனசு திக்திக் என்று அடிக்கும். ஸ்பார்க் பிளக் ஒயர் குழாயில் பட்டு உருகுவது நான்காவது. இன்னும் எழுதலாம், போதும்.

வார்ப்பிரும்புக்கு இந்தத் தொல்லைகள் கிட்டத்தட்ட இல்லை. கனமான சுவர், சூட்டை மெதுவாகத்தான் வெளிவிடும், சத்தத்தையும் அடக்கும். ஹெடரில் கேட்கிற அந்த 'டிக்டிக்' இரும்பில் கேட்காது. பானட்டைத் திறந்தால் காரோடு பிறந்தது போலவே இருக்கும். குறை என்று பார்த்தால் எடை அதிகம், மேல்சுற்றில் ஹெடரை எட்டாது. விலையும் கவனிக்க வேண்டியது: சாயம் மட்டும் பூசிய ஹெடர் மலிவு. அந்தச் சாயம் சீக்கிரம் எரிந்து துரு ஏறும் என்பதால் செராமிக் பூச்சுக்குப் போனால், மறுவார்ப்பு மேனிஃபோல்டு ஒன்றும் பெரிய விலையாகத் தெரியாது. சூட்டை அடக்க ஹெடரில் துணிப்பட்டை சுற்றுகிறவர்கள் உண்டு. சாதாரண எஃகில் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை அரித்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ட்ரை-ஒய் ஹெடர் ஒன்று உண்டு. நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கும். 90 டிகிரி இடைவெளியில் வெடிக்கிற இரண்டையும் முதல் கட்டத்தில் சேர்க்காமல் பிரித்து வைப்பதால் நடுச்சுற்று இழுப்பு நன்றாக இருக்கும். ஹெடர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு, சாலை வண்டியில் இதையே சொல்வேன். குட்டைக் குழாய் ஹெடரை விட்டுவிடுங்கள். ஹெடரின் தொல்லை எல்லாம் அதிலும் உண்டு, பலன் இரும்பைத் தாண்டுவது சந்தேகம்.

எதைப் போட்டாலும் மறக்கக் கூடாத ஒன்று சோக், குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் கார்பரேட்டர் மூடி. பழைய மேனிஃபோல்டின் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன மடல் இருக்கும். குளிரில் அது மூடி, சூடான புகையை இன்டேக்கின் அடியில் திருப்பிவிடும். குவாட்ராஜெட் கார்பரேட்டரின் சோக் ஸ்பிரிங் அந்தச் சூட்டை வைத்துத்தான் திறக்கும். ஹெடரில் அந்த மடல் கிடையாது, பல மறுவார்ப்பிலும் கிடையாது. சோக் திறக்க நேரமாகி, வண்டி கருப்புப் புகை கக்கினால் கார்பரேட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். மின்சார சோக்குக்கு மாறலாம், அல்லது ஸ்பிரிங்கைத் திருத்தி அமைக்கலாம்.

குழாய்: 2½ போதுமா?

போதும். பழைய 2¼ அங்குலத்திலிருந்து 2½-க்குப் போனாலே உள்பரப்பு கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது. 3 அங்குலம் என்பது பெரிய 455 கன அங்குல எஞ்சினை முறுக்கேற்றி வைத்திருப்பவர்களின் விஷயம். பின் அச்சுக்கு மேலே சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அதை வளைத்து நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், குழியில் இறங்கினால் தட்டும். 'எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேணும்' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகம். தேவைக்கு மீறிப் பெரிய குழாயில் அந்த வேகம் குறைவதைத்தான் எதிர் அழுத்தக் குறைவு என்று தவறாகச் சொல்கிறார்கள்.

அளவை விட வளைவைப் பாருங்கள். உள்ளூர் சைலன்சர் கடையில் இயந்திரத்தில் அமுக்கி வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கும். 2½ வாங்கி அங்கங்கே 2¼ ஆக்கிக்கொண்ட கதைதான். குழாய்க்குள் தாங்கு வைத்து வளைக்கும் மாண்ட்ரல் வளைவில் விட்டம் குறையாது. பைப்ஸ் (Pypes) போன்ற நிறுவனங்கள் இந்தக் காருக்கு அப்படி வளைத்த முழுத் தொகுப்பையே விற்கிறார்கள். தொழிற்சாலையில் வந்தது போலவே இருக்க வேண்டும் என்ற கண்காட்சிக்காரர்களுக்கு கார்ட்னர் நிறுவனம் இருக்கிறது.

பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னால் போகும் இரண்டு குழாயையும் இணைக்கும் பாலம் கட்டாயம் வேண்டும். எச் வடிவம் அந்த ஆழமான குடுகுடுப்பைக் காப்பாற்றும், எக்ஸ் வடிவம் துடிப்புகளை நன்றாகக் கலந்து சத்தத்தை மென்மையாக்கி ஒரு சுருதி மேலே ஏற்றும். சக்தியில் எக்ஸுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கொடுப்பார்கள். எனக்கு எச். பான்டியாக் வாங்கிவிட்டு எதற்கு ஐரோப்பியக் கார் போல ஒலிக்க வேண்டும்?

சைலன்சர்: இது காது விவகாரம்

ஃப்ளோமாஸ்டர் 40 போன்ற அறை வகையில் பஞ்சு கிடையாது, தகடுகளில் மோதி சத்தம் அடங்கும். முரட்டுக் குரல். மேக்னாஃப்ளோ போன்ற நேர்வழி வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றிச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சடைப்பு, தடை மிகக் குறைவு. செர்ரி பாம் மாதிரியான கண்ணாடி இழைக் குழல் மலிவு. ஆனால் இழை எரிந்து போகப் போக வருடா வருடம் சத்தம் ஏறும். டர்போ வகை ஷெவர்லே கார்வேரின் டர்போ மாடலுக்காக வந்த சைலன்சரிலிருந்து பெயர் பெற்றது. பழைய ஒலிக்கு மிக அருகில் நிற்பதும் அதுவே. என் ஓட்டு டர்போவுக்கு.

இங்கே கியர்பெட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 3.55 கியர் விகிதப் பின் அச்சும், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாக ஓடவிடும் மேல்கியர்) இல்லாத பழைய பெட்டியும் இருந்தால் 65 மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,900 சுற்றில் ஓடும். ஐந்து கியர் ஓவர்டிரைவ் பெட்டி மாற்றியவருக்கு அது 1,900 பக்கம் இறங்கிவிடும். அறை வகைச் சைலன்சர்கள் காருக்குள் 'ங்ங்ங்' என்று ரீங்காரம் போட்டுத் தலைவலி கொடுப்பதாகப் பலர் புலம்புவது 2,000-ஐ ஒட்டிய இந்தப் பகுதியில்தான். நண்பரின் காரில் அருமையாக இருந்தது உங்கள் காரில் கொடுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சத்தத்தை விரும்பும்போது கூட்டி, வேண்டாதபோது குறைக்கும் யோசனை ஒன்றும் புதிதில்லை. 1970 ஜிடிஓவிலேயே டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் இருந்தது. இழுத்தால் வெற்றிடத்தால் இயங்கும் வால்வு திறந்து, சைலன்சரில் தடை குறைந்து சத்தம் கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் கார்களில்தான் வந்தது. இன்று மின்சாரக் கட்-அவுட் (பொத்தானை அழுத்தினால் சைலன்சருக்கு முன்பே புகையைத் திறந்துவிடும் வால்வு) வாங்கிப் போடுபவர்கள் செய்வதும் அதே வேலைதான். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை விலக்கு உண்டு, ஆனால் சத்தத்துக்கு 95 டெசிபல் வரம்பு இருக்கிறது. பழைய கார் என்று அதில் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

உலோகத்தில் நீண்ட யோசனை தேவையில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வருகிறது. குறைந்த தூரம் ஓடி நிற்கிற காரில் அது குழாய்க்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு பிடிக்கும். அதிகம் ஓட்டாத காருக்குத்தான் ஸ்டெயின்லெஸ் அதிகம் தேவை. அதில் 409 ரகம் போதும், மேலே கொஞ்சம் பழுப்பேறும். பளபளப்பு வேண்டும் என்றால் 304 ரகம்.

ஆர்டர் போடும் முன் இரண்டைச் சரிபாருங்கள். உங்கள் ஹெட்டின் புகைத் துளை டி வடிவமா, வட்டமா? வட்டத்துளை ராம் ஏர் 2, ராம் ஏர் 4 போன்ற சில எஞ்சின்களில் மட்டும்தான் வந்தது, டி துளைக்கான மேனிஃபோல்டும் வட்டத்துளைக்கானதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்புறம், கடையில் வெறுமனே '400' என்று சொல்லாதீர்கள். 1970-லிருந்து ஷெவர்லேவும் தனியாக ஒரு 400 செய்தது, அதற்கான ஹெடரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கழற்றிய பழைய கட்டை மேனிஃபோல்டுகளை இரும்புக்கடைக்குப் போடாமல், வார்ப்பு எண் தெரியும்படி துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்பார்.