டல்சாவா, பக்கத்து ஊர்க் கண்காட்சியா?

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வானன்மேக்கர் ஆயுதக் கண்காட்சி. இன்னொன்று, மாவட்டச் சந்தைத் திடலில் வார இறுதியில் நடக்கும் சின்னக் கண்காட்சி.

சின்னது பக்கத்திலேயே இருக்கும், செலவும் குறைவு. ஆனால் ஒரு காலத்தில் அங்கே வின்செஸ்டர், எம்1 கேரண்ட் போன்ற பழைய ரைபிள்கள் மேசையில் கிடந்தன. இப்போது பெரும்பாலும் புத்தம்புது ஏஆர்-15 ரைபிள், தோட்டாப் பெட்டி, கத்தி, உப்புக்கண்டம்தான். நல்ல பழைய சரக்கு கன்புரோக்கர் போன்ற இணைய ஏலங்களுக்குப் போய்விட்டது.

டல்சாவில் மேசைகள் ஆயிரக்கணக்கில், ஒரே கூரையின் கீழ். நாள் முழுக்க நடந்தாலும் முடியாது. கோல்ட் (Colt) நிறுவனத்தின் ஒரே வகை ரிவால்வரைப் பல மேசைகளில் ஒப்பிட்டு, கையில் எடுத்து, பாகங்களில் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, மெருகு அசலா என்று பார்க்கலாம். புகைப்படத்தில் இது முடியவே முடியாது. விற்பவர் சொல்லும் வரலாறும் சேர்ந்து கிடைக்கும். தங்கும் அறைக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. உரிமம் பெற்ற வணிகர், வாங்குபவரைப் பற்றி உடனடிப் பின்னணிச் சோதனை செய்தாக வேண்டும் என்பது 1998 முதல் சட்டம். தனியார் விற்பனைக்கும் கொலராடோ போன்ற மாநிலங்கள் அதைக் கட்டாயமாக்கிவிட்டன. அது நியாயம் என்றே நினைக்கிறேன். நேர்மையான சேகரிப்பாளருக்கு அதனால் நட்டமில்லை. 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாக அந்தச் சோதனை இல்லை.

தோட்டா மட்டும் வேண்டுமா? சரி, பக்கத்து ஊரே போதும். சேகரிப்புக்கு என்றால் டல்சாதான்.