அந்தப் பளபளப்பு வெறும் எண்ணெய்: பாலிஷ் கிட் வாங்கி பானட்டைக் கெடுத்துக்கொண்ட கதை

பாலிஷ் மெஷினில் மாட்டிய வெள்ளைக் கம்பளிப் பேடு நீலமாக மாறியபோதே மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "பேடுல கலர் வந்தா பயப்படாதீங்க சார், செத்த பெயிண்ட் வெளியே வருது, அவ்வளவுதான்" என்று விற்றவர் சொன்னதை நம்பி இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். என் நீலக் காரின் பானட் முன் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது. காய்ந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கார் டீடெய்லிங் (காரைக் கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கும் வேலை) வீட்டிலேயே செய்து பழகலாம் என்று ஆசைப்பட்டு முதல் தடவையாகச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, ஏனென்றால் அதே பெட்டியை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி வேறு வேறு ஆட்கள் விற்பதை அப்புறம் பார்த்தேன்.

விற்றவர் காட்டிய டெமோ இப்படி: ஸ்டாண்டில் ஒரு பழைய பானட், நடுவில் மாஸ்கிங் டேப். இரண்டு பக்கமும் சிலந்தி வலை மாதிரி கீறல்கள். ஒரு பக்கம் மட்டும் காம்பவுண்டை (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) தடவி ஒரே ஒரு நிமிடம் மெஷினை ஓட்டினார். டேப்பைக் கிழித்தார். ஒரு பாதி கண்ணாடி, மறு பாதி சாம்பல். அடுத்து 'செராமிக்' என்று ஒரு ஸ்ப்ரேயை அடித்து, அதன் மேல் லைட்டர் திரவத்தை ஊற்றிப் பற்றவைத்தார். நெருப்பு அணைந்ததும் துடைத்தார், ஒரு தழும்பு இல்லை. கடைசியாகத் தண்ணீர் தெளித்ததும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "நைன் ஹெச் சார், வைரத்துக்கு அடுத்த கடினம்." நான் பர்ஸை எடுத்துவிட்டேன்.

நான் பார்த்த மூன்று வித்தைகளும் வித்தைகள்தான். முதலாவதுதான் மோசமானது. பெயிண்டில் உள்ள மெல்லிய கீறல் நம் கண்ணுக்குத் தெரிவது, அதன் விளிம்பில் வெளிச்சம் சிதறுவதால். அந்தப் பள்ளத்தில் எண்ணெயோ சிலிக்கோனோ நிரம்பிவிட்டால் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பும், கீறல் போய்விட்டது போல இருக்கும். கீறல் போகவில்லை, முக்காடு போட்டுக்கொண்டிருக்கிறது. என் காரில் இரண்டாவது ஷாம்பூ வாஷில் முக்காடு கழன்றது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து மேலே அடித்து, சுத்தமான துணியால் துடைத்தால் நிரப்பிய எண்ணெய் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகும் கீறல் தெரியாவிட்டால்தான் அது உண்மையான பாலிஷ். யாராவது டெமோ காட்டினால் "துடைத்துவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று அவ்வப்போது கற்பனை செய்து பார்ப்பதோடு சரி.

நெருப்பு வித்தை இன்னும் சுலபம். எரிவது திரவத்தின் ஆவி. சில நொடிகளில் அணைத்துவிட்டால் அடியில் உள்ள தகடு சூடேறவே நேரமில்லை. ஒன்றுமே தடவாத பெயிண்டும் இதில் பாஸாகும் (வீட்டில் செய்து பார்க்கத் தேவையில்லை, என் வார்த்தையை நம்புங்கள்). தண்ணீர் உருள்வது தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு என்பதற்கு மட்டும் சாட்சி. சாதாரண வாக்ஸ் பூசினாலும் உருளும்.

அந்த 9ஹெச் என்ன என்று அப்புறம் தேடிப் படித்தேன். அது பென்சில் அளவுகோல்! பென்சில் முனையால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனை. 9ஹெச் என்பது அதில் உள்ள கடினமான பென்சில். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறு. அதில் 9 என்றால் மாணிக்கக்கல், நீலக்கல் வகை. இரண்டிலும் 9 என்ற எண் வருவதை வைத்துப் பிழைப்பு நடக்கிறது. செராமிக் கோட்டிங் என்பதே பொய் என்று சொல்லவில்லை. சிலிக்கா அடிப்படையிலான நல்ல கோட்டிங்குகள் இருக்கின்றன. அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் அவை பறந்து வரும் கல்லைத் தடுக்காது. கல்லுக்கு வேண்டியது பெயிண்ட் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிம், அது தனிச் சமாச்சாரம்.

சரி, பானட்டுக்கு வருகிறேன். பெட்டியின் மேல் 'டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. புதிதாகப் பழகுகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும் என்பதுவரை நான் படித்திருந்தேன், அதனால்தான் வாங்கினேன். பெட்டிக்குள் இருந்தது ரோட்டரி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று எனக்கு யாராவது கையைப் பிடித்துக் காட்டியிருக்கலாம். ரோட்டரியில் பேடு நடு அச்சில் நேராகச் சுற்றும், ட்ரில் மெஷின் மாதிரி. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும், ஒரே இடத்தில் சூடேற்றும். சாதாரண டூயல் ஆக்‌ஷனில் அச்சு மையத்திலிருந்து விலகி இருக்கும். பேடு சுற்றிக்கொண்டே தள்ளாடும். அதிகமாக அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், வெறுமனே அதிரும். கத்துக்குட்டிக்கு அதுதான் பாதுகாப்பு. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: பிளக்கைச் சொருகாமல், பேடு மாட்டும் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மெஷினின் நடு அச்சிலேயே நின்று சுற்றினால் ரோட்டரி. தட்டின் மையம் விலகி, நொண்டுகிற மாதிரி சுற்றினால் டூயல் ஆக்‌ஷன். ஐந்து நொடி வேலை.

கூடவே வந்த சாமான்களும் அதற்கேற்ற ஜோடி. கம்பளிப் பேடு, முரட்டுக் காம்பவுண்ட், வேகத்தை 5-இல் வைக்கச் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டு. எல்லாமே மேல்தோலைச் சீவுகிற கூட்டணி.

திட்டு விழுந்த மறுநாள், ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். பானட்டைப் பார்ப்பதற்கு முன் பேடைக் கேட்டார். நீலமாகிப்போன கம்பளியை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, "இது செத்த பெயிண்ட் இல்ல தம்பி, நீ கொன்ன பெயிண்ட்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது. பாலிஷ் செய்வது என்றால் அதைத்தான் மயிரிழை மயிரிழையாகத் தேய்க்கிறோம். அதில் நிறமே கிடையாது என்பதால் பேடில் வெள்ளை மாவு மாதிரிதான் வரவேண்டும். காரின் நிறம் வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டி அடியில் இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்டில் மட்டும் நிறம் வருவது சகஜம். விற்றவர் சொன்ன 'செத்த பெயிண்ட்' கதை அந்தக் காலத்து வண்டிக்குப் பொருந்தும். என் வண்டிக்கு அது மரண ஓலை.

கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான். சாதாரண எழுதும் தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதாவது தாளில் பாதி. அந்தப் பாதித் தாளில்தான் வெயிலைத் தாங்கும் சக்தியும் இருக்கிறது, அதனால் முழுவதையும் தேய்த்துவிட முடியாது. ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் இன்னும் மெல்லிசாக இருக்கும். போதாக்குறைக்கு அங்கே பேடின் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் இறங்கும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்கள். டெமோவில் டேப் நடுவில் மட்டும்தான் இருந்தது, ஓரத்துக்கும் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துணிகள் கதை தனி. பாக்கெட்டில் '800 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபர்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு சதுர மீட்டர் துணி 800 கிராம் எடை என்பது அதன் பொருள். துணி 40க்கு 40 சென்டிமீட்டர், அதாவது 0.16 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு துணி 128 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன்: 40 கிராம். கணக்குப் போட்டால் 250 ஜிஎஸ்எம். இது போதாதென்று ஓரத்தில் விறைப்பான நைலான் தையல், மூலையில் கத்தரிக்காத லேபிள். அந்த லேபிளே கிளியர் கோட்டில் கோடு போடும். பழைய சிடி ஒன்றின் பளபளப்புப் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன், கீறியது. அதே துணியால் முதல் வாரம் முழுக்கக் காரைத் துடைத்திருக்கிறேன்.

வீல் கிளீனர் பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அடித்ததும் புகைந்தது, மூக்கு எரிந்தது, அலாய் வீலில் கழுவினாலும் போகாத வெள்ளைத் தாரைகள் விழுந்தன. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமில வகை இருக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கக்கூடியது அது. என் பாட்டிலில் என்ன இருந்ததோ, தெரிந்துகொள்ள வழி இல்லை. அதுதான் என் கோபம். பாதுகாப்புத் தகவல் தாள் தராத கெமிக்கலை வாங்காதீர்கள்.

திருப்பித் தரப் போனேன். முதலில் "நீங்க ஸ்பீடைக் கூட்டிட்டீங்க சார்". சீட்டைக் காட்டினேன். அடுத்து "யூஸ் பண்ணின சாமானை எடுக்க மாட்டோம் சார்". பெட்டியில் டூயல் ஆக்‌ஷன் என்று போட்டிருக்கிறதே என்றேன். "அது ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பெனி அப்படித்தான் பிரிண்ட் பண்றாங்க." அப்புறம் போனை எடுக்கவில்லை. என் பங்குத் தவறும் உண்டு. பழைய தகடு ஒன்றில் பழகாமல், நேராகச் சொந்தக் கார் பானட்டில் கை வைத்தது நான்தான்.

இப்போது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் மெஷின் பக்கமே போகமாட்டேன். பிஹெச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பூ ஒன்று, வாளி இரண்டு, வாஷ் மிட் (கழுவும்போது கையில் மாட்டும் உறை) ஒன்று, உலர்த்த ஒரு பெரிய தடித்த டவல், எடை போட்டுப் பார்த்த துணி நாலைந்து. ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றதில் மிட்டை அலசச் சாதாரணத் தண்ணீர். அலசாமல் திரும்ப ஷாம்பூவில் முக்கக் கூடாது. கார்களில் இருக்கும் சிலந்தி வலைக் கீறல்களில் பெரும்பகுதி, மண்ணோடு மண்ணாகத் தேய்த்துக் கழுவுவதாலும் துடைப்பதாலும் வருவதுதான். கழுவும் முறையை மாற்றாமல் பாலிஷ் போட்டால் அடுத்த மாதமே திரும்ப அதே கீறல், ஆனால் கிளியர் கோட் மட்டும் ஒரு படி குறைந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஏற்கெனவே பூசிய வாக்ஸைக் கழற்றிவிடும், வேண்டாம்.

இது கைவந்த பிறகு ஒரு வாக்ஸ் அல்லது சீலண்ட் (வாக்ஸ் மாதிரியே பூசும் செயற்கைப் பூச்சு). அதற்கும் பிறகு ஆசை இருந்தால், சுற்றிப் பார்த்து உறுதி செய்த டூயல் ஆக்‌ஷன், ஃபோம் பேடு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷ். பேடு நிறத்தை வைத்து முரடா மென்மையா என்று முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறக் கணக்கு. ஒன்றரை அடிச் சதுரத்தில் முதலில் செய்து, ஆல்கஹாலால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, போதும் என்றால் அதோடு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

திட்டு அப்படியேதான் இருக்கிறது. திரும்பக் கிளியர் அடிப்பது என்றால் பானட் முழுவதுமே அடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மெஷினை அவரிடமே கொடுத்துவிட்டேன். பெயிண்ட் அடித்த பிறகு தேய்க்க அவருக்கு நன்றாகவே உதவுகிறதாம். பெட்டியில் ரோட்டரி என்று எழுதியிருந்தால் அவரே ஒன்று வாங்கியிருப்பாராம்.