கியூஎமுவின் எஜு கார்டு: போர்டு வாங்கக் காசில்லாமல் டிரைவர் எழுதக் கற்பவர்களுக்கு

லினக்ஸ் டிரைவர், அதாவது ஒரு கருவியை லினக்ஸோடு பேசவைக்கும் நிரல், எழுதக் கற்க ஆசை, ஆனால் கையில் மதர்போர்டில் செருகுகிற பிசிஐ கார்டு எதுவும் இல்லை என்று யாராவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கணினிக்குள் இன்னொரு கணினியை நடிக்கவைக்கும் கியூஎமு என்ற எமுலேட்டருக்குள்ளேயே எஜு என்று ஒரு கார்டு இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே உட்காருங்கள். கார்டு என்றால் கையில் தொடுகிற மாதிரி ஒன்றும் கிடையாது. ஃபேப்ரீஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட அந்த எமுலேட்டருக்குள் சுமார் நானூறு வரி சி நிரலாக உட்கார்ந்திருக்கும் ஒரு சோதனைக் கருவி அது. செக் நாட்டில் பிர்னோ நகரில் உள்ள மசாரிக் பல்கலைக்கழகத்தில் கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) வகுப்பு மாணவர்கள் டிரைவர் எழுதிப் பழகுவதற்காகச் செய்தார்கள். காசு கிடையாது. கெட்டுப்போனால் விண்டோவை மூடிவிட்டு மறுபடி திறந்தால் போதும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தால் எங்கள் ஊர், மாவட்டம் பாலக்காடு, வீட்டில் பேச்சு தமிழ். இங்குள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் கோவைக்கும் மீதிப் பேர் பாலக்காட்டுக்கும் இன்ஜினியரிங் படிக்கப் போகிறார்கள். சாயந்திரம் பஸ் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் சிலர் என்னிடம் வந்து உட்காருவார்கள். எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுகிற) வேலை வேண்டும் என்பார்கள், கல்லூரியில் டிரைவர் என்றால் ஒரு ஹலோ வேர்ல்டு மாட்யூல் ஏற்றி இறக்கிக் காட்டியதோடு சரி. ஒரு பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை கட்டிச் சேர்ந்த பையனுக்கு அங்கே கிடைத்தது, ஒரு போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, சார் தட்டுவதை எட்டிப் பார்க்கிற வாய்ப்பு. அதனால்தான் எஜு மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் ஆளுக்கொரு கார்டு, அவரவர் கார்டை அவரவரே தொங்கவிட்டு அவரவரே மீட்கலாம்.

சரி, என்ன தருகிறது என்று பார்ப்போம். உபுண்டுவில் பேக்கேஜாக வரும் கியூஎமுவிலேயே இது இருக்கிறது, கட்டளை வரியில் டிவைஸ் என்று போட்டுப் பக்கத்தில் எஜு என்று எழுதினால் போதும். உள்ளே ஓடும் லினக்ஸில் போய், பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்தால் வகை தெரியாத கருவி என்று ஒரு வரி வரும், வெண்டர் எண் 1234, டிவைஸ் எண் 11இ8. ஒரு எம்பி அளவுள்ள நினைவகப் பகுதி ஒன்று, அதற்குள்தான் எல்லா ரெஜிஸ்டரும், அதாவது கார்டோடு பேச எண்களை எழுதும், படிக்கும் இடங்கள். முதல் ரெஜிஸ்டரைப் படித்தால் 16777453 வர வேண்டும், ஹெக்ஸில் (16-அடிமான எண்ணில்) பார்த்தால் பதிப்பு எண்ணும் 'இ', 'டி' என்ற எழுத்துகளில் முடிவும் தெரியும். அடுத்தது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு: நீங்கள் எழுதும் எண்ணின் எல்லா பிட்டையும் தலைகீழாக்கித் திருப்பித் தரும், பூஜ்யம் எழுதினால் 4294967295. இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் பிராபும் (டிரைவர் கார்டைக் கண்டுகொள்வது) மேப்பிங்கும் (கார்டின் நினைவகப் பகுதியை அணுக வழி செய்வது) தேறிவிட்டது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை, ஹெக்ஸ் 80-க்குக் கீழே உள்ள ரெஜிஸ்டர்களை நான்கு பைட்டாக மட்டுமே தொட வேண்டும், எட்டு பைட்டாகப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாக வந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

மூன்றாவது வேலை ஃபேக்டோரியல், அதாவது ஒன்றிலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. ஓர் எண்ணை எழுதினால் கார்டு தனி திரெட்டில் கணக்குப் போட்டு, விடையை அதே ரெஜிஸ்டரில் வைக்கும், முடியும் வரை ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பிட் ஏறியே இருக்கும். 12 கொடுத்தால் 479001600, சரியான விடை. 13 கொடுத்துப் பாருங்கள், 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504 வரும், ஏனென்றால் ரெஜிஸ்டர் 32 பிட். முதல் நாளே இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஹார்ட்வேர் கொடுக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, அந்த எண்ணைத் திரையில் பார்த்தால் ஏறிவிடும்.

இன்டரப்ட், அதாவது வேலை முடிந்ததும் கார்டே பிராசஸரைக் கூப்பிடும் பகுதிதான் என் கணக்கில் இந்தக் கார்டின் உயிர். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 80 பிட்டை ஏற்றி வைத்தால் ஃபேக்டோரியல் முடிந்ததும் கார்டு இன்டரப்ட் எழுப்பும். காரணத்தை ஒரு ரெஜிஸ்டரில் படித்து, அதே மதிப்பை ஒப்புதல் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பழைய பாணி இன்டரப்ட் லைனில் ஒப்புதல் எழுத மறந்தால் லைன் இறங்கவே இறங்காது, இன்டரப்ட் வந்தால் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். என்னிடம் வரும் பெண் ஒருத்தி, "அண்ணா, மெஷின் அப்படியே நின்னுபோச்சுங்க, கர்சர்கூட அசையல" என்று கூப்பிட்டாள். ஹேண்ட்லரில் ஒரே ஒரு வரி இல்லை. அதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இதுவே எம்எஸ்ஐ (லைனுக்குப் பதில் ஒரு செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் முறை) போட்டு ஓட்டினால் ஒப்புதல் இல்லாமலும் மெஷின் நிற்காது, ஆகவே பிழை தெரியாமலே போய்விடும். இரண்டு வகையையும் கார்டு ஆதரிப்பதால், முதலில் எம்எஸ்ஐ இல்லாமல் எழுதிப் பழகி, தேறிய பிறகு எம்எஸ்ஐக்கு மாறுங்கள். ஹேண்ட்லர் எழுதி, ஆனால் இது என்னுடையது இல்லை என்றே அது பதில் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு லட்சத்தில் 99,900 இன்டரப்ட் கேட்பாரற்றுப் போனதும் கெர்னல் அந்த லைனையே அணைத்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று புகார் எழுதும். பாடப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், இங்கே கண் முன்னால் நடக்கும்.

பிராசஸர் கை வைக்காமல் கார்டே நினைவகத்தைப் படித்து எழுதும் டிஎம்ஏவுக்கு 4096 பைட் பஃபர் ஒன்று, கார்டின் ஹெக்ஸ் 40000 முகவரியில். மூலம், சேருமிடம், நீளம் எழுதிவிட்டுக் கட்டளை கொடுத்தால் 100 மில்லி செகண்ட் கழித்து நகலெடுக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரிந்தே வைத்தது: கார்டுக்கு 28 பிட் முகவரிதான் எட்டும், அதாவது 256 எம்பி வரை. டிரைவர் அதற்கான மாஸ்க்கை (எத்தனை பிட் முகவரி எட்டும் என்பதை) கெர்னலிடம் சொல்லாமல் விட்டால், அதற்கு மேலுள்ள முகவரியின் மேல் பிட்டுகளைக் கார்டு வெட்டிவிட்டு வேறெங்கோ எழுதிவிடும். கியூஎமு ஓடும் டெர்மினலில் மட்டும் ஒரு வரி வரும், உள்ளே கெர்னலுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஓடும் மெஷினுக்கு 256 எம்பி ரேம் மட்டும் கொடுத்தால் மாஸ்க் இல்லாத டிரைவரும் ஒழுங்காகவே ஓடும், ஒரு ஜிபி கொடுத்த பிறகுதான் சாயம் வெளுக்கும். இந்த வரிசையிலேயே செய்து பாருங்கள்.

குறைகளும் உண்டு. பஃபரைத் தாண்டி ஒரு பைட் கேட்டால், உபுண்டு 22.04-உடன் வரும் 6.2 பதிப்பில் மொத்த கியூஎமுவும் ரெஜிஸ்டர்களைக் கொட்டிவிட்டுச் செத்துவிடும். கற்கும் பிள்ளைக்குத் தன் பிழையா எமுலேட்டரின் பிழையா என்று புரியாது, இதை இன்னும் மென்மையாகச் செய்திருக்கலாம். விவரக்குறிப்பு ரொம்பச் சுருக்கம், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். பல துண்டு டிஎம்ஏ, பல கியூ, பவர் மேனேஜ்மென்ட் எதுவும் கிடையாது. நிஜ வயரில் வரும் இரைச்சல், டைமிங் சண்டை எதையும் இது கற்றுத் தராது, அதற்கு என்றைக்காவது நிஜ போர்டு வேண்டும்தான். அப்புறம், ஃபேக்டோரியல் கொஞ்ச நாளில் அலுத்துவிடும்.

அலுத்த இடத்தில்தான் அசல் படிப்பு ஆரம்பம்: எஜு கோப்பை நகலெடுத்துப் பெயர் மாற்றிச் சொந்தக் கார்டு செய்வது. எங்கள் பையன் ஒருவனுடைய அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறார், அவன் செய்தது எடைமேடைக் கார்டு. எடை ஒரு ரெஜிஸ்டர், எடை நிலைத்ததா என்று ஒரு பிட், நிலைத்ததும் ஒரு இன்டரப்ட், அவ்வளவே. கியூஎமு பக்கம் வேண்டியது கொஞ்சம்தான்: படிக்க ஒரு ஃபங்ஷன், எழுத ஒரு ஃபங்ஷன், இரண்டையும் ஒரு நினைவகப் பகுதியோடு கட்டி அதை 'பார்' பூஜ்யமாக (கார்டின் முதல் முகவரிப் பகுதியாக) பதிவு செய்யும் ரியலைஸ் ஃபங்ஷன், கடைசியில் வகையின் பெயரைப் பதியும் சில வரிகள். கூடவே எந்தக் கருவியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கேகான்ஃபிக் கோப்பில் ஒரு பதிவு, மெசான் என்ற பில்ட் கருவியின் கோப்பில் ஒரு வரி. 5.2 பதிப்பிலிருந்து பில்ட் முழுக்க மெசான்தான், பழைய மேக்ஃபைல் பாணியில் எழுதிய விளக்கங்களைப் பார்த்து நேரத்தை விடாதீர்கள். கான்ஃபிகர் செய்யும்போது எக்ஸ்86-64 டார்கெட் ஒன்றை மட்டும் கொடுங்கள், எல்லா பிராசஸருக்கும் கம்பைல் செய்யவிட்டால் பழைய லேப்டாப் ராத்திரி முழுக்க இரையும்.

எடையை வெளியிலிருந்து மாற்றுவதுதான் சுவாரசியமான இடம். எஜுவில் டிஎம்ஏ மாஸ்க்கை ஒரு ப்ராபர்ட்டியாக (வெளியிலிருந்து மாற்றக்கூடிய மதிப்பாக) வைத்திருக்கிறார்கள், அதே பாணியில் எடையையும் வைத்துவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டர் என்ற கியூஎமுவின் கட்டளை இடத்தில் க்யூஓஎம்-செட் கட்டளை அடித்து லாரியை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கமான வழி வெறுமனே மாறியின் மதிப்பைத்தான் மாற்றும், இன்டரப்ட் போகாது. மதிப்பு மாறும்போது ஏதாவது நடக்க வேண்டும் என்றால் சொந்த செட்டர் ஃபங்ஷன் எழுத வேண்டும், அதற்கு கியூஎமுவிலேயே உள்ள டிஎம்பி105 வெப்பமானியின் நிரலைப் பாருங்கள், அழகாக எழுதியிருக்கிறார்கள். செட்டரில் எடையை வாங்கி, டைமரைத் தள்ளிவைத்து, டைமர் முடிந்ததும் பிட்டை ஏற்றி இன்டரப்ட் விட்டால் எடை ஆடி நிலைப்பதுகூட வந்துவிடுகிறது. "அப்பா கம்ப்யூட்டர்ல முள்ளு நிக்கறதுக்குக் காத்திருக்கறது இதுதானுங்ளா அண்ணா?" என்று அவன் கேட்டான். அதேதான். கருவியின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் எழுதும்போது, ஸ்டேட்டஸ் பிட்டைப் படித்ததும் அழிக்கலாமா, ஒப்புதலுக்குத் தனி ரெஜிஸ்டர் வைக்கலாமா என்று யோசிக்க வேண்டி வருகிறது. இந்த யோசனை எந்த போர்டோடும் பெட்டியில் வருவதில்லை.

டிரைவர் சோதனையைத் தானாக ஓட்ட விரும்புபவர்கள் ஐஎஸ்ஏ-டீபக்-எக்ஸிட் என்ற இன்னொரு குட்டிக் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து அதன் போர்ட்டில் ஓர் எண்ணை எழுதினால் கியூஎமு மூடிக்கொள்ளும், வெளியேறும் குறியீடு அந்த எண்ணின் இரு மடங்கோடு ஒன்று. பூஜ்யம் எழுதினால் 1, ஒன்று எழுதினால் 3. எப்போதும் ஒற்றைப்படை எண்ணே வரும் என்பதால், வெற்றி என்றால் பூஜ்யம் என்று எதிர்பார்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வரி மாற்றிக்கொள்ள வேண்டும்.