கேம்பல் லேன் மாலைக்கடை: கட்டு அருமை, முகவரியில் கவனம் தேவை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனுக்கு அருகிலுள்ள பழைய மாலைக்கடை ஒன்றில் சென்ற மாதம் கல்யாண மாலை ஒரு சோடி வாங்கினேன். வீட்டாருக்குத் தெரியாமல் மணம் முடிக்க முடிவெடுத்த என் தோழிக்கும் அவள் காதலருக்கும் உரிய மாலை அது. பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். அவர்களுள் ஒருத்தியாக நான் சம்மதித்ததால் மாலைப் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரில் வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திருமணம் செய்வது நினைத்தவுடன் நடக்கும் காரியமன்று. இருவருக்கும் 21 வயது நிரம்பிவிட்டதால் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. ஆயினும் திருமண அறிவிப்பைக் குறைந்தது 21 நாள் முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே ஓடிப்போவதென்று துணிந்த பிறகும் என் தோழி மூன்று வாரம் ஈசூன் வீட்டிலேயே அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, சாப்பிடும்போதெல்லாம் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுவலி என்று எண்ணிய அம்மா அவளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துவந்தார்.

கடையின் வேலைத்திறனைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. கடைக்கார அம்மா முதலில் விலையைப் பேசவில்லை. பெண்ணின் உயரத்தையும் மாப்பிள்ளையின் உயரத்தையும் கேட்டு, மாலை முழங்காலுக்குக் கீழே இறங்கினால் மணையில் உட்காரும்போது பூ நசுங்கிவிடும் என்று விளக்கி, நீளத்தைத் தாமே குறைத்தார். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை மொட்டு, சிவப்பு ரோஜா, இடையிடையே மரிக்கொழுந்து என்று அடுக்கி, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டியிருந்தார். மொட்டுகள் சாயங்காலம்வரை வாடாமல் மெல்ல மெல்ல விரிந்தன. சோடிக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி. அந்தக் கட்டுக்கு இது நியாயமான விலையே.

தவறு நேர்ந்தது கொண்டுபோய்க் கொடுப்பதில். செங்காங்கில் உள்ள நண்பர் வீட்டு முகவரியைத்தான் நான் எழுதிக்கொடுத்தேன். ஆனால் தோழியின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்கும் கடை அதுவே என்பதை நான் அறிந்திருக்கவில்லை. சீட்டில் தோழியின் பெயரைக் கண்ட கடைப் பையன், புது முகவரியைப் பாராமல், தனக்குப் பழக்கமான ஈசூன் வீட்டுக்கே காலை ஏழு மணிக்கு மாலைகளைக் கொண்டுபோய்விட்டான். தோழி அப்போது அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு பட்டுப்புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, யார் வீட்டு மாலையோ தவறி வந்துவிட்டது, அங்கே முகூர்த்தம் தவறிவிடுமே என்று பதறி, உடனே கடைக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். கடைக்கார அம்மா சீட்டை எடுத்துப் பெயரை வாசித்தார். அதன்பின் இரண்டு பக்கமும் பேச்சில்லை. சற்று நேரம் கழித்து அம்மா அறைக்கதவைத் தட்டி, "எத்தனை மணிக்குடி?" என்று மட்டும் கேட்டாராம். பத்தரை மணிக்கு நடந்த பதிவுக்கு அவர் மாலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கியபோது, வாசலில் நின்ற எனக்குக் கை நடுங்கியது. காதலர் அவர் காலில் விழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி தெறித்துப் படிக்கட்டில் உருண்டது.

இப்படி முடிந்தது எங்கள் நல்லூழ். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தவுடன் பழைய முகவரிக்குப் போவது அவளுக்குப் பெரும் ஆபத்தாகவும் முடியலாம். இதைக் கடைக்கார அம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். அவர் மறுத்துப் பேசாமல் மன்னிப்புக் கேட்டார். விநியோகக் கட்டணம் 15 வெள்ளியையும் திருப்பித் தந்தார். இப்போது ஒவ்வொரு சீட்டிலும் முகவரியைச் சிவப்பு மையில் வட்டமிடுகிறார்கள். ஆயினும் கல்யாண மாலை வாங்குவோர் கடைக்கே நேரில் சென்று பெற்றுக்கொள்வதே நல்லது. காலை ஆறரைக்கே கடை திறந்துவிடுகிறது.

தை மாதம் கோயிலில் நடக்கவிருக்கும் திருமணத்துக்கும் தோழியின் அம்மா அதே கடையில்தான் மாலை சொல்லியிருக்கிறார். நீளத்தை மட்டும் இரண்டு விரற்கடை கூட்டச் சொன்னாராம்.