பின்பால் சவுண்ட் போர்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர்: சில ஆண்டுகள் கழித்து

என்னிடம் இருப்பது 1980களின் தொடக்கத்துப் பின்பால் இயந்திரம். ஆர்கேட் கூச்சலையும் மீறிக் கேட்க வேண்டும் என்று செய்த ஆம்ப்ளிஃபயர் அதில் இருக்கிறது. வீட்டில் வைத்து ஆடினால், வால்யூமை எட்டில் ஒரு பங்கு திருப்புவதற்குள் சுவர் அதிரும். நமக்கு வேண்டிய சத்தமெல்லாம் அந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மயிரிழை நகர்த்தினாலும் ஒன்று ஊமை, இல்லை காது கிழியும்.

காரணம் எளிது. உள்ளே இருந்த வால்யூம் குமிழ் லீனியர் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), அதாவது திருப்பும் அளவுக்கு நேர் விகிதத்தில் சிக்னலை விடும் வகை. நம் காது சத்தத்தை அப்படி நேர்க்கோட்டில் உணர்வதில்லை. சிக்னலை முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏற்றும் லாக் பாட் மாற்றுவதே முறையான வழி. ஆனால் பழைய துளையில் உட்காரும் அளவில் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. அதனால் 10 கிலோ ஓம் பாட்டை அப்படியே விட்டு, சிக்னல் வெளியேறும் அதன் நடுக்காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் இடையே 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். முன்பு பாதி திருப்பினால் 50 சதவீத சிக்னல் போகும். இப்போது ஏறக்குறைய 19 சதவீதம். முழுதாகத் திருப்பினால் பழைய முழக்கம் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த முழு நிலையில், பாட்டுக்கு முந்தைய ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) சுமார் 1.3 கிலோ ஓம் சுமையைத் தாங்க வேண்டும். என் போர்டில் அது பிரச்சினையாகவில்லை.

நான் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. பாட்டின் கார்பன் தடத்தில் தூசி படிந்து நடுக்கால் தொடர்பு விட்டால், ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு அந்தரத்தில் தொங்கி ஸ்பீக்கர் உறுமும். இப்போது ரெசிஸ்டர் அதைக் கிரவுண்டில் பிடித்து வைத்திருப்பதால், ஒரு கணம் சத்தம் அடங்குகிறது, அவ்வளவுதான். இத்தனை நாள் ஓட்டிய பிறகு, இதற்காகவே இந்த ரெசிஸ்டரைப் போடலாம் என்பேன்.

இந்த ரெசிஸ்டரால் தீராதது ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் ரீங்காரம். வால்யூமைக் குறைத்தாலும் ஆம்ப்ளிஃபயருடைய சொந்த ஹம் குறையாது. அது பவர் சப்ளையின் வயதான ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகுதான் அடங்கியது. அப்புறம் ஃபிளிப்பரை (பந்தைத் தட்டும் துடுப்பை) இயக்கும் பட்டனை அழுத்தும்போதெல்லாம் ஒரு ‘டிக்’. போர்டிலிருந்து பாட் இருக்கும் காசுக் கதவு வரை வால்யூம் ஒயர், ஃபிளிப்பரை இயக்கும் காயில் ஒயர்களோடு ஒட்டியே ஓடியதுதான் காரணம். உலோக உறை சுற்றிய ஷீல்டு ஒயருக்கு மாற்றி, ஷீல்டைப் போர்டுப் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்தேன். பெரும்பாலும் போய்விட்டது.

ஸ்பீக்கர் லைனில் எல்-பேட் (ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தையே குறைக்கும் குமிழ்) போடுவோரும் உண்டு. அது ஹம்மையும் சேர்த்தே குறைக்கும், உண்மைதான். ஆனால் வாட்டேஜ் தாங்கும் பெரிய உருப்படியாக வேண்டும்.

செய்து பார்க்க நினைத்தால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டின் இணைப்பைக் கழற்றி, குமிழை நடுவில் வைத்து மல்டிமீட்டரால் நடுக்காலிலிருந்து இரு பக்கக் கால்களுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் லீனியர். ஒரு பக்கம் மிகக் குறைவாகக் காட்டினால் ஏற்கனவே லாக் வகைதான். அதில் இந்த ரெசிஸ்டரைச் சேர்த்தால் சத்தம் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் ஏறும்.