அம்மாவின் பைபாப்: கும்பகோணம் பக்கம் போய்வந்த அனுபவம்

லண்டனிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவின் மூச்சுத்திணறலுக்காக. கோயில், கல்யாணம் எதுவும் கிடையாது. அதனால் வைத்தியம் பற்றி, அதிலும் மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஊரில் சிஓபிடி, அதாவது மூச்சுக் குழாய்கள் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய், உள்ள அம்மாவோ அப்பாவோ இருந்து, நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் இது பயன்படும். உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை நம் ஊரில் நன்றாகவே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அம்மா பீடிப் புகை பக்கம்கூடப் போனதில்லை. ஆனால் கேஸ் வரும்வரை விறகும் வரட்டியும்தான், அதுவும் புகைபோக்கி இல்லாத சமையற்கட்டில். "எந்த அடுப்புலம்மா சமைச்சீங்க?" என்பதுதான் நெஞ்சக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. புகைபிடிக்காத பெண்களுக்கு சிஓபிடி வர அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாம் வீசிங் என்று சொல்லி, மெஷினில் மருந்துப் புகை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழிப் பனியில் சளி கட்டியதும் தம்பி பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் சேர்த்தான். அங்கே ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்து வைத்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மா மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தார். காபிக்கு எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூக்கம். நான் போய் இறங்கிய அன்று தலைவலி என்று முனகினார், கையை நீட்டச் சொன்னால் விரல்கள் வெடுக்கென்று ஆடின. இதெல்லாம் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதன் அடையாளம். விரல் மெஷினுக்கு அது தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கும். நாள்பட்ட சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறும். அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

108-ஐக் கூப்பிட்டு தஞ்சாவூரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை எல்லாம் அளக்கும் ஏபிஜி டெஸ்ட் பார்த்தார்கள். ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.26, கார்பன் டை ஆக்சைடு 78, இரண்டுமே மோசம். வந்த டாக்டர் சின்னப் பெண்தான். "அம்மாவுக்குத் தொண்டையில ட்யூப் போட வேணாம் சார், பைபாப் வச்சுப் பார்ப்போம்" என்றார். பைபாப் என்பது முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின். மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும். களைத்துப்போன மூச்சுத் தசைக்கு ஓய்வு கிடைக்கும், தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நடுவில் மாஸ்க்கைக் கழற்றிக் கஞ்சி குடிக்கலாம், பேசலாம். 1995-இல் லோரான் புரோஷார் குழுவினர் 85 சிஓபிடி நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குத் தொண்டையில் குழாய் போட வேண்டியிருந்தது. மாஸ்க் வழியாக மூச்சு கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். இறப்பும் 29-இலிருந்து 9 சதவீதமாக இறங்கியது.

அந்த வார்டின் ஸ்டாஃப் நர்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாஸ்க்கை எடுத்தவுடன் பட்டை போட்டுக் கட்டவில்லை. தன் கையாலேயே முகத்தில் பிடித்துக்கொண்டு, "பாட்டி, மெஷின் காத்து குடுக்கும், நீங்க அதோட சேர்ந்து இழுங்க, பயப்படாதீங்க" என்று அம்மா பழகும்வரை நின்றார். அதற்குப் பிறகுதான் பட்டை. "மூஞ்சில ஏதோ கட்டி ஊதுறாங்கடா தம்பி" என்று முதலில் கையைத் தட்டிவிட்ட அம்மா, மறுநாள் காலை என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. எவ்வளவு நெரிசலான வார்டு அது என்று கண்ணால் பார்த்தேன். அதில் இவ்வளவு பொறுமை.

டிஸ்சார்ஜின்போது தம்பி வீட்டுக்கும் ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்றான். மருத்துவர் தடுத்தார். கொஞ்சம் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து அனுப்பினார், மூன்று வாரம் கழித்து மறுபடி ஏபிஜி எடுக்கச் சொன்னார். இப்படித் திடீரென்று வந்த மூச்சுத்திணறல் தணிந்ததும் சிலருக்குக் கார்பன் டை ஆக்சைடு தானாகவே இறங்கிவிடுமாம். இறங்காமல் 53-க்கு மேல் நின்றால்தான் வீட்டு பைபாப். பிரிட்டனில் 116 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வும் இதே அளவைத்தான் வைத்துக்கொண்டது. அதில், வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் 1.4 மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். கூடவே பைபாப்பும் வைத்தவர்களுக்கு அது 4.3 மாதமாக நீண்டது. நான் லீவை நீட்டித்துக்கொண்டேன். அம்மாவுக்கு 58-இல் நின்றது.

இதற்கப்புறம்தான் சிரமமே. திருச்சி டீலர் ஒருவரிடம் மாத வாடகைக்கு எடுத்தோம். மெஷினைக் கொண்டுவந்த பையன் நல்ல பையன், ஆனால் மருத்துவர் எழுதிய 20-க்கு 5 (இழுக்கும்போது 20, விடும்போது 5 அழுத்தம்) என்பதை வைக்காமல் 12-க்கு 6 என்று வைத்தான். "மொதல்ல பழகட்டும் சார்" என்றான். பழகக் குறைவாக ஆரம்பிப்பது சரிதான். எப்போது, யார் ஏற்றுவது? அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இரண்டு அழுத்தத்துக்கும் இடைவெளி 6 மட்டும் என்றால், கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற அது பெரும்பாலும் போதாது. அதைவிடப் பயந்தது மாஸ்க்கைப் பார்த்து. வீட்டு மெஷினுக்கு ஒரே குழாய்தான், ஆகவே விடும் மூச்சு வெளியே போக மாஸ்க்கிலோ குழாயிலோ சின்ன ஓட்டைகள் இருந்தாக வேண்டும். அவன் தந்தது ஐசியூ வெண்டிலேட்டருக்கான மாஸ்க், முழங்கைத் துண்டு நீல நிறம், எங்கேயும் ஓட்டை கிடையாது. அதைப் போட்டிருந்தால் விட்ட மூச்சையே அம்மா திரும்ப இழுத்திருப்பார். மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதும், போடவே கூடாது, உடனே மாற்றச் சொல்லுங்கள் என்றார். மாஸ்க் மாறும்வரை மெஷினை ஓட்டவில்லை. நீங்களும் மாஸ்க்கின் முன்னால் கையை வைத்துப் பாருங்கள், காற்று சீராகக் கசிய வேண்டும்.

உறவினர் ஒருவர் கொரோனா நேரத்தில் வாங்கிய மெஷினைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அன்பாகக் கொடுத்தாலும் மாடலைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு உதிரலாம் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல பைபாப் மெஷின்களையும், ஒரே அழுத்தத்தில் காற்று தள்ளும் சிபாப் மெஷின்களையும் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் கலனை நிறுத்திவிட்டால் பைபாப் கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் அப்படியில்லை, 300 வாட்டுக்கு மேல் போகும். அதற்கு மாற்றாக ஒரு சிலிண்டர் வாங்கி வைத்தோம்.

லண்டனில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் இதே மெஷினில் இருக்கிறார். மெஷின் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இரவல் கொடுத்தது, மாஸ்க் தபாலில் வரும். இரவு எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிவு என்பது மோடம் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. குறைந்தால் நர்ஸ் போன் செய்வார். அம்மாவின் மெஷினிலும் அந்தக் கணக்கு முழுக்கப் பதிவாகிறது. பார்க்கத்தான் யாரும் இல்லை. இப்போதைக்குத் தம்பி மனைவி திரையைப் படம் பிடித்து வாரம் ஒருமுறை மருத்துவருக்கு அனுப்புகிறாள். அவரும் தன் சொந்த நேரத்தில் பார்த்து, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றச் சொல்லிக் கொடுத்தார். இப்போது 18 வரை வந்திருக்கிறது. மூக்குத் தண்டில் புண் வந்தபோது பட்டையைத் தளர்த்தச் சொன்னதும் அவர்தான். ஒரு மருத்துவரின் நல்ல மனதை நம்பி எத்தனை வீடுகள் இப்படி ஓடும்?

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அதில் பிசியோதெரபி இருக்கிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு இருக்கிறது, சிறுநீரக நோயாளிகளுக்கு வீட்டில் டயாலிசிஸ் செய்யும் பைகூட இருக்கிறது. மாத்திரை கொண்டுவரும் அக்கா பைபாப்பைப் பார்த்துவிட்டு, "இதையும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தா பார்த்துக்குவோமே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாஸ்க் கசிகிறதா, ஃபில்டரைக் கழுவினார்களா, பகலில் தூங்கி வழிகிறாரா, ஆக்சிஜனை யாராவது ஏற்றிவிட்டார்களா என்று பார்ப்பதைப் பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்ளலாம். நர்ஸ் ஒருவர் மெஷின் கணக்கை மாதம் ஒருமுறை எடுத்து நெஞ்சகப் பிரிவுக்கு அனுப்பலாம். திட்டத்தின் வண்டியும் ஆளும் ஏற்கெனவே வாசலுக்கு வருகின்றன. இதைக் கேட்டுத் தம்பி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் பைபாப் ஓடுகிறதென்றால் உங்கள் மாவட்டத்திலும் ஒரு மனு கொடுங்கள்.