அட்ரசினை உடைக்க எந்தக் கூண்டு?

அமெரிக்க மக்காச்சோள வயல்களில் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லி நிலத்தடி நீருக்குள் எளிதாக இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள விதி. கரி வடிகட்டி நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடைக்காது. உடைக்க பாக்டீரியாவைக் கூப்பிடலாம்.

அதை அப்படியே தண்ணீரில் விடலாமே? சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்ற வகை, தனக்கு வேண்டிய நைட்ரஜனை அட்ரசினிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் வயல் நீரில் உரத்தின் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் நஞ்சின் பக்கம் நாட்டம் குறைந்துவிடும். தவிர, ஓடும் நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அதை அடைத்து வைக்க ஒரு கூண்டு வேண்டும்.

கூண்டுகளில் முதலாவது ஆல்ஜினேட் மணி. சோடியம் ஆல்ஜினேட்டில் பாக்டீரியா செல்களைக் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போல உருண்டுவிடும். மூலப்பொருள் பழுப்புக் கடற்பாசி. நம் மண்டபம் கடலில் எடுக்கும் சர்காசமும் அந்த இனம்தான். செலவு குறைவு, செல்லும் பிழைக்கும். பாஸ்பேட் பட்டால்தான் வினை: கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணி கொழகொழத்துப் போகும். வயல் வடிநீரில் பாஸ்பேட் இல்லாமலா இருக்கும்?

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வாக்கெட், அக்சன் குழுவினர் கூண்டாக எடுத்தது சிலிக்கா ஜெல். பாஸ்பேட்டுக்கு அசையாது. தயாரிக்கும்போது வெளிவரும் ஆல்கஹால் செல்லைக் கொன்றுவிடும் என்பதுதான் இதன்மேல் வழக்கமாகச் சொல்லும் குறை. அட்ரசின் விஷயத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செல்லுக்குள் இருந்து அட்ரசினின் குளோரினைக் கழற்றும் நொதிக்குத் தண்ணீர் மட்டும் போதும். செல் செத்திருந்தாலும் வேலை நடக்கும். தெற்கு டகோட்டாவில் அட்ரசின் கொட்டிக் கெட்ட மண்ணில் இந்த நொதியைச் செய்யும்படி மரபணு மாற்றி, பிறகு கொன்ற ஈ.கோலை பாக்டீரியா செல்களைக் கலந்து பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவின்படி எட்டு வாரத்தில் 52 சதவீதம் குறைந்தது. அது ஜெல்லுக்குள் அடைக்காத, வெறும் செல். மரபணு மாற்றிய உயிர் வெளியே தப்பும் என்ற பயமும் இதில் இல்லை.

ஆனால் செத்த செல் முதல் படியோடு நின்றுவிடும். களைக்கொல்லும் குணம் போகும், மூலக்கூறின் வளையம் அப்படியே இருக்கும். நொதி தேய்ந்தால் புதிதாகச் செய்து தர ஆளில்லை, ஜெல்லையே மாற்ற வேண்டும். குடிநீருக்கு அந்தச் செலவு தகும் என்பேன். பீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த ஆலைக் கழிவுக்கு இது உதவாது; அதை உடைக்கப் பெரும்பாலும் உயிருள்ள செல்லும் ஆக்சிஜனும் வேண்டும். அங்கே ஆல்ஜினேட் மணிதான், பாஸ்பேட்டை மட்டும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால்.